செவ்வாய்க்கு எத்தனை முகவரி?

2025 ஜனவரி 16 அன்று செவ்வாய் எதிர்நிலையில் இருந்தது. பூமியிலிருந்து பார்த்தால் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம். அன்று நள்ளிரவில் அது எங்கே இருந்தது என்று மூன்று பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். கோள் கணக்குப் போடுகிறவர் "116 பாகை" என்பார். டெலஸ்கோப் வைத்திருப்பவர் "7 மணி 56 நிமிடம், வடக்கே 25 பாகை" என்பார். வட அட்சரேகை 10 பாகையில் வெட்டவெளியில் நிற்பவரோ கையை நீட்டி, "அதோ, உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே" என்று காட்டிவிட்டுப் போய்விடுவார்.

மூன்றும் சரி. ஆனால் இதில் எந்த ஒன்றையும் தனியாக எடுத்துக்கொண்டு இன்னொன்றோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். வானியல் ஆர்வலர்களிடையே நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இப்படித்தான் கிளம்புகிறது என்பது என் எண்ணம். ஒருவர் செயலியில் ஒரு எண் வரும், இன்னொருவர் அட்டவணையில் வேறு எண் இருக்கும். எது தப்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் எதுவும் தப்பில்லை. அந்த எண்ணை யார் கண்ணிலிருந்து அளந்தார்கள், எந்தத் தளத்தை அடிப்படையாக வைத்தார்கள், எங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள், எந்தத் தேதியின் வானத்தில் பொருத்தினார்கள் என்பது மட்டும்தான் விட்டுப்போயிருக்கும். இந்த நான்கும் கூடவே வராத எண்ணை நான் கோளின் இடமாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் கை நீட்டிக் காட்டியவரின் முறை. அடிவானம்தான் அவருடைய அடிப்படைத் தளம். அடிவானத்திலிருந்து எவ்வளவு மேலே என்பது ஏற்றக்கோணம். வடக்கிலிருந்து கிழக்கு வழியாகச் சுற்றி எத்தனை பாகை என்பது திசைக்கோணம். பழைய வானியல் நூல்கள் சிலவற்றில் திசைக்கோணத்தைத் தெற்கிலிருந்து எண்ணியிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் எடுத்தால் கோள் சரியாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். இந்த முறையைப் போலக் கழுத்துக்கு வசதியானது வேறில்லை. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை, அது போதும். ஆனால் இந்த எண்களைக் குறித்து வைத்துப் பயனில்லை. பூமி சுழல்வதால் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். வேறு இடத்தில் நிற்பவருக்கு முதலிலேயே பொருந்தாது.

அதனால் பூமியோடு சுற்றாத ஒரு வலை வேண்டியிருந்தது. பூமியின் நடுவரையை வானம் வரைக்கும் விரித்தால் வான நடுவரை கிடைக்கிறது. அதிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை என்பது நடுவரை விலக்கம், சுருக்கமாக விலக்கம். நடுவரையை ஒட்டிக் கிழக்கு நோக்கி எண்ணுவது வல ஏற்றம். மார்ச் மாதத்தில் சூரியன் தெற்கிலிருந்து வடக்கே வான நடுவரையைக் கடக்கும் புள்ளிதான் இதன் சுழி, அதாவது பூஜ்யம். செவ்வாய்க்குச் சொன்ன "7 மணி 56 நிமிடம், வடக்கே 25 பாகை" இந்த முறையில் வந்தது.

கோணத்தை ஏன் மணியில் சொல்ல வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். வானமே கடிகாரமாக இருந்த காலத்து மிச்சம் இது. ஆனாலும் வெறும் பழக்கதோஷம் என்று தள்ளிவிட முடியாது, இன்றும் வேலைக்கு ஆகிறது. ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு நிமிடத்துக்கு 15 கலை. பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. வல ஏற்றத்தின் ஒரு நிமிடம் வான நடுவரையில்தான் முழு 15 கலை. வடக்கேயோ தெற்கேயோ போகப் போக அது சுருங்கும். விலக்கம் 25 பாகையில் இருந்த செவ்வாய்க்கு அது 13.6 கலைதான். இரண்டு பொருள்களுக்கு இடையிலான தூரத்தை வல ஏற்ற வித்தியாசத்திலிருந்து நேரடியாகக் கணக்கிடுகிறவர்கள் விலக்கத்தின் கொசைனால் பெருக்க மறந்தால், துருவத்தை நெருங்க நெருங்கக் கணக்கு பிசகிக்கொண்டே போகும்.

மணியில் சொல்வதன் உண்மையான லாபம் நட்சத்திர நேரத்தில் தெரியும். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 வினாடி ஆகிறது. எனவே நட்சத்திரக் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 நிமிடம் 56 வினாடி முந்தும். செப்டம்பர் 21 நள்ளிரவில் நட்சத்திர நேரம் சுழியை ஒட்டி இருக்கும். அங்கிருந்து நாட்களை எண்ணினால் போதும், எந்த மென்பொருளும் வேண்டாம். ஜனவரி 16 வரை 117 நாள். 117-ஐ 3 நிமிடம் 56 வினாடியால் பெருக்கினால் ஏறக்குறைய 7 மணி 40 நிமிடம் வருகிறது. அன்று நள்ளிரவின் நட்சத்திர நேரம் அதுதான். செவ்வாயின் வல ஏற்றம் 7 மணி 56 நிமிடம். ஆக இன்னும் கால் மணி நேரத்தில் செவ்வாய் உச்சிவட்டத்தை, அதாவது வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கே போகும் கோட்டைத் தொடும். நட்சத்திர நேரத்திலிருந்து வல ஏற்றத்தைக் கழித்தால் கிடைப்பது மணிக்கோணம். அது சுழியானால் கோள் உச்சிவட்டத்தில் நிற்கிறது, மிகுந்தால் மேற்கே சாய்ந்துவிட்டது, குறைந்தால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. நள்ளிரவு என்று இங்கே நான் சொல்வது உள்ளூர்ச் சராசரிச் சூரிய நேரத்தை. கைக்கடிகாரம் காட்டுவது நேர மண்டலத்தின் நேரம், அந்த மண்டலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை தள்ளி நின்றால் 4 நிமிடம் வித்தியாசப்படும்.

உச்சிவட்டத்தில் நிற்கும்போது எவ்வளவு உயரம் என்பதற்கு ஒரு கழித்தல் போதும். விலக்கம் 25, அட்சரேகை 10, வித்தியாசம் 15. உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே, அதாவது அடிவானத்திலிருந்து 75 பாகை. கை நீட்டியவர் சொன்னது சரிதான். மற்ற நேரங்களுக்கு முக்கோணவியல் வேண்டும். ஏற்றக்கோணத்தின் சைன் இரண்டு துண்டுகளின் கூட்டல்: அட்சரேகை சைனும் விலக்கத்தின் சைனும் பெருக்கிய ஒன்று, அவற்றின் கொசைன்களோடு மணிக்கோணத்தின் கொசைனும் சேர்த்துப் பெருக்கிய இன்னொன்று. இந்த ஒரே சூத்திரம் தெரிந்தால் கோள் எப்போது எழும், எப்போது மறையும் என்பதையும் பின்னோக்கிப் போட்டு எடுத்துவிடலாம்.

இப்போது 116 பாகை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஓரளவு பாரபட்சத்தோடுதான் சொல்கிறேன்.

வான நடுவரை என்பது பூமி எப்படிச் சாய்ந்து சுழல்கிறது என்பதன் விளைவு. கோள்களுக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவை சூரியனைச் சுற்றும் தளங்கள் எல்லாம் பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தை ஒட்டியே கிடக்கின்றன. அந்தத் தளம் வானத்தில் வெட்டும் கோடுதான் சூரியப் பாதை. வான நடுவரைக்கு அது 23.44 பாகை சாய்ந்திருக்கிறது. சூரியப் பாதையை ஒட்டி எண்ணுவது நெட்டாங்கு, அதற்கு மேலோ கீழோ எவ்வளவு என்பது அகலாங்கு. கோள்களை இந்த முறையில் எழுதினால் அகலாங்கு எப்போதும் சின்ன எண்ணாகவே இருக்கும், சேதி முழுவதும் நெட்டாங்கில் வந்துவிடும். வல ஏற்றத்தில் எழுதினால் அதே கோள் வடக்கும் தெற்குமாக 25 பாகை வரைக்கும் அலைவது போலத் தோன்றும். அலைவது கோளல்ல, நாம் பிடித்திருக்கும் சட்டம்.

116 எங்கிருந்து வந்தது என்று கையால் போட்டுப் பார்க்கலாம். 2024 மே 8 அன்று செவ்வாய் சூரியனுக்கு மிக அருகே வந்தது. அங்கிருந்து ஜனவரி 16 வரை 253 நாள். செவ்வாய் ஒரு சுற்றை 687 நாளில் முடிக்கிறது, சராசரி வேகம் நாளுக்கு 0.524 பாகை. பெருக்கினால் 132.6. ஆனால் செவ்வாய் சீரான வேகத்தில் ஓடுவதில்லை. சூரியனுக்கு அருகில் வேகமாகவும் தொலைவில் மெதுவாகவும் போகிறது. பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்லும் மையப்பிறழ்வு 0.0934. சராசரிக் கோணத்திலிருந்து உண்மையான கோணத்துக்குப் போக, கெப்ளரின் சமன்பாட்டை இந்த இடத்தில்தான் தீர்க்க வேண்டும். அதை நேரடியாகத் தீர்க்க வழியில்லை. ஒரு விடையை உத்தேசமாக வைத்து, அதைச் சமன்பாட்டில் போட்டு, வரும் விடையை மறுபடி போட்டு, எண் அசையாமல் நிற்கும்வரை செய்ய வேண்டும். செவ்வாய்க்குச் சில சுற்றிலேயே நின்றுவிடும். உண்மையான கோணம் ஏறக்குறைய 140 பாகை என்று வருகிறது. சூரியனுக்கு மிக அருகே வரும் அந்தப் புள்ளியின் நெட்டாங்கு 336. இரண்டையும் கூட்டி ஒரு முழு வட்டம் கழித்தால் 116.

சராசரிக்கும் உண்மைக்கும் ஏழு பாகைக்கு மேல் இடைவெளி. டென்மார்க் வானியலாளர் டைகோ பிராஹியின் செவ்வாய் அளவீடுகளை வைத்துக்கொண்டு கெப்ளர் பல ஆண்டு மல்லுக்கட்டியது இதைவிட மிகச் சிறிய ஒன்றுக்காக. அவருடைய வட்டப்பாதைக் கணக்குக்கும் டைகோவின் அளவுக்கும் இடையே 8 கலை இடித்தது. முழு நிலவின் அகலத்தில் கால் பங்கு. வேறு ஒருவர் என்றால் அளவீட்டுப் பிழை என்று விட்டிருப்பார். டைகோவின் அளவு அந்த அளவுக்குத் தவறாது என்று நம்பியதால்தான் அவர் வட்டத்தைக் கைவிட்டார்.

இந்த 116 சூரியனிலிருந்து பார்த்த நெட்டாங்கு. எதிர்நிலை நாளில் சூரியன், பூமி, செவ்வாய் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்பதால் பூமியிலிருந்து பார்த்தாலும் அதே எண் வருகிறது. மற்ற நாட்களில் பூமிக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட்டு, செவ்வாயின் இடத்திலிருந்து பூமியின் இடத்தைக் கழிக்க வேண்டும். வக்கிரம், அதாவது கோள் பின்னோக்கிப் போவது போலத் தோன்றுவது, அந்தக் கழித்தலில் பிறக்கிற ஒன்று. 2024 டிசம்பர் முதல் வாரத்திலிருந்து 2025 பிப்ரவரி கடைசி வாரம் வரை பூமியிலிருந்து எண்ணிய நெட்டாங்கு பின்னோக்கி ஓடியது. சூரியனிலிருந்து எண்ணியது ஒரு நாள்கூடப் பின்வாங்கவில்லை.

அகலாங்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. செவ்வாயின் பாதை சாய்ந்திருப்பது 1.85 பாகைதான். ஆனால் அந்த ஜனவரியில் வானத்தில் அது சூரியப் பாதைக்கு நான்கு பாகைக்கு மேல் வடக்கே நின்றது. காரணம் தூரம். சூரியனிலிருந்து 1.63 வானியல் அலகு (ஒரு அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தூரம்) தள்ளி இருந்த செவ்வாய் நம்மிடமிருந்து 0.64 அலகில் இருந்தது. அதே உயரம், பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குப் பெரிய கோணமாகத் தெரியும். சூரியனிலிருந்து 1.7 பாகை, நமக்கு 4.3.

எந்தத் தளம், யார் கண் என்பதெல்லாம் வெறும் எழுத்து வித்தியாசம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது 2020 டிசம்பர் 21. வியாழனும் சனியும் 6 கலை இடைவெளியில் நெருங்கிய மாலை. எத்தனை மணிக்குச் சேர்ந்தன? இரண்டின் வல ஏற்றமும் சமமான நேரம் ஒன்று, நெட்டாங்கு சமமான நேரம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம். சூரியனிலிருந்து பார்த்திருந்தால் சேர்க்கை நவம்பர் தொடக்கத்திலேயே முடிந்துபோயிருக்கும். செய்தியில் நேரம் போட்டவர்கள் எந்தச் சேர்க்கை என்று சொல்லவில்லை, படித்தவர்களும் கேட்கவில்லை.

அடுத்தது தேதி. சுழிப்புள்ளி நிலையாக நிற்பதில்லை. பூமியின் அச்சு மெல்லத் தலைசுற்றுவதால் அது சூரியப் பாதையில் ஆண்டுக்கு 50 விகலைக்குச் சற்று அதிகமாக மேற்கே நகர்கிறது, 72 ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை. முழுச் சுற்றுக்குச் சுமார் 25,800 ஆண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் பழைய அளவுகளோடு தன் அளவுகளை ஒப்பிட்டு இதைக் கண்டுகொண்டார். அப்போது மேஷத்தில் இருந்த புள்ளி இன்று மீனத்தில் இருக்கிறது. நகரும் புள்ளியிலிருந்து எண்ணுவது சாயனம், நட்சத்திரங்களோடு கட்டிய புள்ளியிலிருந்து எண்ணுவது நிராயணம், நடுவிலுள்ள இடைவெளி அயனாம்சம். இன்று அது ஏறக்குறைய 24 பாகை. ஒரே கோளுக்கு இரண்டு ராசி சொல்லப்படுவதற்குக் காரணம் இந்தக் கழித்தல்தான், வானத்தில் எதுவும் மாறவில்லை.

நட்சத்திர அட்டவணைகளில் இதைச் சமாளிக்க ஒரு தேதியில் வலையை உறையவைத்துவிடுகிறார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2000 ஜனவரி 1 நண்பகல், சுருக்கமாக ஜே2000. அதற்கு முன் 1950-ஐ வைத்திருந்தார்கள். செவ்வாயின் 7 மணி 56 நிமிடம் அன்றைய தேதியின் வலையில் அளந்தது. ஜே2000 வலையில் அதே செவ்வாய், அதே நொடியில், ஒன்றரை நிமிடம் குறைவாக வரும். கோணத்தில் 20 கலைக்கு மேல், நிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதிக உருப்பெருக்கத்தில் பார்க்கிறவருக்குக் கோள் கண்ணிலேயே படாமல் போக இது போதும். 1998 முதல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் சுழிப்புள்ளியையே நம்பாமல், நகர்வதே தெரியாத அளவுக்கு மிகத் தொலைவிலுள்ள குவேசார்கள் என்ற ஒளிமூலங்களை வைத்து வலையைக் கட்டிவிட்டது. ஜே2000 வலையோடு அது விகலையின் சிறு பின்னத்துக்குள் ஒத்துப்போகும்படி அமைத்திருப்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

சில்லறைத் திருத்தங்களும் உண்டு. ஒளி வந்து சேர நேரம் எடுப்பதால் வியாழனை ஏறக்குறைய 33 முதல் 54 நிமிடத்துக்கு முன்பிருந்த இடத்தில் பார்க்கிறோம், நெப்டியூனை நான்கு மணி நேரத்துக்கு முன்பிருந்த இடத்தில். வளிமண்டலம் அடிவானத்தில் அரைப் பாகைக்கு மேல் தூக்கிக் காட்டும். பூமியின் மையத்திலிருந்து அளப்பதா, நிற்கும் இடத்திலிருந்து அளப்பதா என்பது கோள்களுக்குச் சில விகலை, நிலவுக்கோ ஒரு பாகை வரை போகும். எதிர்நிலைக்கு ஓரிரு நாள் முன்புதான், ஜனவரி 13-14 இரவில், நிலவு செவ்வாயை மறைத்தது. வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ஆப்பிரிக்காவின் ஒரு பகுதியிலும் செவ்வாய் நிலவுக்குப் பின்னால் போய்விட்டது, மற்ற இடங்களில் பக்கத்தில் நின்றதோடு சரி.

இத்தனை எண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1846 செப்டம்பர் 23 இரவு. யுரேனஸ் கணக்குக்கு அடங்காமல் ஓடுவதைப் பார்த்து, அதை இழுக்கும் கோள் சூரியனிலிருந்து எண்ணினால் சுமார் 326 பாகை நெட்டாங்கில் இருக்க வேண்டும் என்று பாரீஸிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே எழுதியிருந்தார். கடிதம் பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் காலேயின் கைக்கு வந்த அன்றே தேடத் தொடங்கினார்கள். கோளின் வட்டு எதுவும் முதலில் தெளிவாகப் பிடிபடவில்லை. உடனிருந்த மாணவர் டாரஸ்ட்தான் நட்சத்திரப் படத்தோடு ஒப்பிடலாம் என்றார். பெர்லின் அகாடமி வானத்தை வல ஏற்றத்தின் மணி மணியாகப் பிரித்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. 21-ஆம் மணியின் தாள் அப்போதுதான் அச்சாகியிருந்தது, வெளியே இன்னும் போகவில்லை. காலே டெலஸ்கோப்பில் பார்த்து ஒவ்வொரு நட்சத்திரமாகச் சொல்ல, டாரஸ்ட் தாளில் சரிபார்த்தார். எட்டாம் ஒளியளவில் (வெறுங்கண்ணுக்குத் தெரியாத மங்கல்), 21 மணி 53 நிமிடத்தில் ஒன்றைச் சொன்னதும் அது படத்தில் இல்லை என்றார். லெ வெரியே சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைகூடத் தள்ளியில்லை. மறுநாள் இரவு பார்த்தபோது நகர்ந்திருந்தது.

அந்தத் தாள் இல்லாதவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாலிஸ் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே இரண்டு முறை நெப்டியூனைக் குறித்துவைத்திருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்காததால் அது நட்சத்திரமாகவே கிடந்தது. கலிலியோ 1612 டிசம்பரில் வியாழனுக்குப் பக்கத்தில் அதை நட்சத்திரமாக வரைந்தார். ஆங்கிலேய வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் 1690-இல் யுரேனஸை ரிஷபத்தின் 34-ஆம் நட்சத்திரம் என்று அட்டவணையில் ஏற்றினார். ஹெர்ஷல் 1781-இல் அதைக் கண்டுபிடித்ததற்கு 91 ஆண்டு முன்பு.

இன்று நாசாவின் ஜேபிஎல் நடத்தும் ஹொரைசன்ஸ் சேவையில் தேதியும் இடமும் கொடுத்தால் இதெல்லாம் அட்டவணையாக வந்து விழும். அங்கேதான் அந்த நான்கு கேள்வியும் பெட்டி பெட்டியாக உட்கார்ந்திருக்கும், பலர் அதைத் தொடாமலே தாண்டிப் போவார்கள். நட்சத்திர அட்டவணையிலுள்ள நட்சத்திரத்தோடு ஒப்பிடுவதென்றால், அல்லது எடுத்த புகைப்படத்தை அட்டவணையோடு பொருத்துவதென்றால், ஜே2000 வலையிலுள்ள எண்ணை எடுங்கள். டெலஸ்கோப்பின் அச்சு வட்டங்களை வைத்துக் கோளைத் தேடுவதென்றால் அன்றைய தேதியின் தோற்ற நிலையை எடுங்கள். நோக்கும் இடத்தைப் பூமியின் மையம் என்று விட்டுவிடாமல் உங்கள் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுங்கள். நிலவு சம்பந்தப்பட்டிருந்தால் இதை விடவே கூடாது. கணினித் தாங்கியில் டெலஸ்கோப் இருந்தால், அது எந்த வலையை எதிர்பார்க்கிறது என்று கையேட்டில் ஒருமுறை பாருங்கள், தாங்கிக்குத் தாங்கி அது வேறுபடும்.